ஹெர்ப்பீஸ் சொஸ்டர் என்றால் அக்கி

போன மாசி மாதம் பெரியம்மாவுக்கு இடப்பக்க விலாவில் எரிச்சல் தொடங்கியது. முதல் இரண்டு நாளும் தோலில் ஒன்றையும் காணோம். ஆனால் சட்டைத் துணி பட்டாலே துடித்தார். "இரவு படுக்கைக்குள்ள ஏதோ பூச்சி ஊர்ந்திருக்கும்" என்று சொல்லி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், முதுகுத்தண்டில் இருந்து மார்புக்குக் கீழ் வரை பாதி அரைப்பட்டி கட்டியது போலத் தோல் சிவந்திருந்தது. அதன்மேல் கடுகை அள்ளிக் கொட்டியதுபோல் நீர்க்கொப்புளங்கள்.

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் பார்த்த உடனேயே இன்னதென்று கண்டுபிடித்து, கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதி, குளிசையும் தந்தார். வீட்டுக்கு வந்ததும் மருமகள் அந்த ஆங்கிலச் சொல்லைப் போனில் தட்டிப் பார்த்தாள். ஹெர்ப்பீஸ். வந்த பக்கமெல்லாம் பாலுறவால் தொற்றும் நோயைப் பற்றியே பேசின. அன்றிரவு அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கணவரை இழந்து பன்னிரண்டு வருடமான மனுசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நோவை விடச் சொல்தான் அவரை வதைத்தது. அதனால்தான் இந்தச் சொல்லைப் பிரித்து எழுதுகிறேன்.

கிரேக்க மொழியில் 'ஹெர்ப்பெய்ன்' என்றால் ஊர்தல். தோலில் ஊர்ந்து பரவும் புண்களைக் கிரேக்க மருத்துவர்கள் ஹெர்ப்பீஸ் என்றார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லுக்குள் வைரசும் இல்லை, பாலுறவும் இல்லை. கண்ணால் கண்டதற்கு வைத்த பெயர் அது. இதே வேர்தான் சமஸ்கிருதத்தில் 'சர்ப்பதி', ஊர்கிறது, என்று நிற்கிறது. அங்கிருந்து வந்ததுதான் நாம் வீட்டில் சொல்லும் சர்ப்பம். சமஸ்கிருதத்தில் சகரமாய் நிற்பது கிரேக்கத்தில் பல இடங்களில் ஹகரமாகிவிடும். எங்கள் திருகோணமலைப் பக்கத்துக் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஏழு. சமஸ்கிருதத்தில் அது சப்த, கிரேக்கத்தில் ஹெப்டா. ஆக, ஹெர்ப்பீசும் சர்ப்பமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆயுர்வேதத்தில் பரவும் தோல் நோய் ஒன்றுக்கு விசர்ப்பம் என்று பெயர் இருப்பதும் இந்த வழியில்தான். பெரியம்மா முதலில் சொன்ன 'ஊர்ந்திருக்கும்' என்ற வார்த்தையைத்தான் கிரேக்க மருத்துவரும் சொல்லியிருக்கிறார்.

கொப்பியில் பக்கத்திலே இன்னொரு சொல்லும் இருந்தது: சொஸ்டர். கிரேக்கத்தில் அது இடைக்கச்சை. பெரியம்மாவின் விலாவைப் பார்த்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதற்கான தமிழ்ச் சொல்லைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. அக்கி என்ற சொல் இருக்கிறது. தமிழ்நாட்டில் குயவர் வீடுகளில் செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றிப் பூசுவார்கள். அதற்கு அக்கி எழுதுதல் என்று பெயர். பூசுதல் என்று சொல்லாமல் எழுதுதல் என்று சொல்வது எனக்கு மிகவும் பிடித்த இடம். பாளியிலும் பிராகிருதத்திலும் அக்கினியைக் கிட்டத்தட்ட அக்கி என்றே ஒலிப்பார்கள். நமது ஊர்ச் சந்தையில் தினமும் காதில் விழும் சிங்களச் சொல்லான கினியும் அந்தக் குடும்பம்தான். என் காதுக்கு அக்கி என்ற சொல்லுக்குள் நெருப்புக் கேட்கிறது. கிரேக்கர் கண்ணால் பார்த்து ஊர்வது என்றார்கள். நாம் பட்டு உணர்ந்து எரிவது என்கிறோம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு அக்கி என்பது பழகிய சொல். மற்ற மருத்துவர்களும் கொப்பியில் அதை எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சரி, பெரியம்மாவுக்கு இது எங்கிருந்து வந்தது? வெளியில் இருந்து வரவே இல்லை. அவருக்குப் பத்து வயதில் கொப்புளிப்பான் வந்தது. தமிழ்நாட்டில் அதைச் சின்னம்மை என்பார்கள். எங்கள் வீடுகளில் பெயர் சொல்லாமல் 'அம்மாள் வந்திருக்கிறா' என்று வேப்பிலை செருகுவார்கள். கொப்புளம் காய்ந்து தலைக்குத் தண்ணீர் வார்த்ததும் அம்மாள் போய்விட்டா என்று நினைக்கிறோம். வைரசு போவதில்லை. தோலில் இருந்து உணர்வு நரம்பு வழியாக ஏறி, முதுகுத்தண்டின் ஓரத்தில் இருக்கும் நரம்புத்திரட்டில் போய்ப் படுத்துவிடுகிறது. அங்கே அது பெருகாது, நரம்புக் கலத்தைக் கொல்லாது, உடம்பின் காவலுக்கும் அகப்படாது. இதற்குப் பெயர் உறங்குநிலை. வயதாகி நிர்ப்பீடனம் (நோய் எதிர்ப்புச் சக்தி) தளரும்போது, அல்லது புற்றுநோய் மருந்தோ ஸ்டீரொய்டோ அதைத் தளர்த்தும்போது, விழித்துக்கொண்டு வந்த நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்கும். தோலில் ஒன்றும் தெரியாத அந்த முதல் இரண்டு நாள் எரிச்சல் அந்தப் பயணம்தான். பழைய கொப்புளிப்பான்தான் அக்கியாகத் திரும்பி வருகிறது என்று 1965 இல் தெளிவாக எடுத்து எழுதியவர் எட்கர் ஹோப் சிம்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர்.

அக்கியின் இரண்டு தலையும் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டால் ஆள் தப்பாது என்று அயலில் ஒரு ஆச்சி சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பயமும் வேண்டாம். முதுகுத்தண்டின் இரு பக்கமும் நரம்புகள் தனித்தனியாகப் புறப்பட்டு, முன்பக்க நடுக்கோட்டோடு நின்றுவிடுகின்றன. விழித்தது இடப்பக்கத் திரட்டு என்றால் கொப்புளமும் இடப்பக்கத்தோடு நிற்கும். கவனிக்க வேண்டிய இடம் வேறு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொன்று: அக்கி ஒருவரிடம் இருந்து மற்றவருக்கு அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புள நீரில் உயிருள்ள வைரசு இருப்பதால், கொப்புளிப்பான் வந்திராத பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் கொப்புளிப்பானாகத் தொற்றலாம். பொருக்குக் காயும் வரை பெரியம்மா நாலு மாதப் பேரனைத் தூக்கவில்லை. அதுதான் அவர் அழுத ஒரே விடயம்.

போனில் வந்த அந்தப் பக்கங்கள் பொய் சொல்லவில்லை. வேறு ஆளைப் பற்றிச் சொல்லின. மனிதரைத் தங்குமிடமாகக் கொண்ட ஹெர்ப்பீஸ் வைரசுகளை வழக்கமாக எட்டு என்று எண்ணுவார்கள். உதட்டோரம் கொப்புளிக்க வைப்பது முதலாவது. மறைவிடத்தில் புண் வைப்பது பெரும்பாலும் இரண்டாவது. முதலாவது உலகில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. பெரும்பாலோருக்கு அது பிள்ளைப் பராயத்தில் ஒரு முத்தத்தில் வந்து சேர்ந்திருக்கும். பெரியம்மாவுடையது மூன்றாவது. 1964 இல் எப்ஸ்டைன், அச்சொங், பார் என்ற மூன்று ஆய்வாளர்கள் கண்ட நான்காவது, சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஐந்தாவதான சைட்டோமெகலோ கருவில் இருக்கும் பிள்ளையின் காது கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடியது. எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்றுதான்: வந்தால் வாழ்நாள் முழுக்க ஒளிந்திருக்கும். எனவே ஹெர்ப்பீஸ் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, குடும்பப் பெயர். ஒரே குடும்பப் பெயர் கொண்ட எட்டுப் பேரில் ஒருவர் செய்த காரியத்தை எல்லார் மேலும் ஏற்றலாமா?

இப்போது ரெட்ரோ வைரசு. கொப்புளிப்பானைப் பேசும் இடத்தில் இதை ஏன் இழுக்கிறேன் என்றால், மருமகள் பார்த்த பக்கங்களில் எச்.ஐ.வி.யும் ஹெர்ப்பீசும் அடுத்தடுத்து வந்து, இரண்டும் ஒன்றுதான் என்ற பயத்தைக் கிளப்பிவிட்டன. இரண்டும் வேறு வேறு இனம். எச்.ஐ.வி. ரெட்ரோ வைரசு இனம். 'ரெட்ரோ' என்றால் இலத்தீனில் பின்னோக்கி. எது பின்னோக்கிப் போகிறது?

ஏட்டுச்சுவடியை நினைத்துக்கொண்டால் இது இலகுவாக விளங்கும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டி.என்.ஏ. என்ற மூல ஏட்டுக்கட்டு இருக்கிறது. வேலைக்கு வேண்டிய பகுதியை மட்டும் அதில் இருந்து படியெடுப்பார்கள். அந்தப் படி ஆர்.என்.ஏ. மூலத்தில் இருந்து படி, அதுதான் வழமையான திசை. ரெட்ரோ வைரசு கையில் படியை மட்டும் கொண்டுவருகிறது. உள்ளே வந்ததும் அந்தப் படியைப் பார்த்து மூல ஏடு ஒன்றை எழுதி, நமது ஏட்டுக்கட்டுக்கு நடுவே செருகிக் கோத்துவிடுகிறது. அப்புறம் எது வீட்டு ஏடு, எது வந்தவன் செருகிய ஏடு என்று கலத்துக்குத் தெரியாது. இப்படிப் பின்னோக்கி எழுதும் நொதியத்தை (என்சைமை) 1970 இல் ஹோவர்ட் டெமினும் சதோஷி மிசுதானியும் ஒரு பக்கம், டேவிட் பால்டிமோர் மறுபக்கம் கண்டுபிடித்தார்கள். டெமினுக்கும் பால்டிமோருக்கும் 1975 இல் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழில் இதைப் பின்னோக்கு வைரசு என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் வைரசு பின்பக்கமாக நடப்பது போலத்தான் தோன்றும். அக்கி எழுதிய மொழிக்கு இதையும் எழுத்தாலேயே சொல்ல முடியும். மீளெழுதி என்பது என் தெரிவு. படியை மீண்டும் மூலமாக எழுதுவது மீளெழுதி. வைரசு என்பதைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே விட்டுவிடலாம். நச்சுயிரி என்ற தமிழ்நாட்டுச் சொல்லும் நல்லதுதான், இலத்தீனிலும் 'வைரஸ்' என்றால் நஞ்சு.

மனிதரில் முதலில் காணப்பட்ட மீளெழுதி எச்.ரி.எல்.வி. 1. அது 1980 இல் வெளிவந்தது. தாய்ப்பால் வழியாகவும் இரத்தம், உறவு வழியாகவும் தொற்றும். பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. ஒரு சிறு பகுதியினருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, உடம்பின் காவலரான டி கலங்களில் இரத்தப் புற்றையோ கால்கள் விறைத்துச் செயலிழக்கும் நோயையோ கொண்டுவரும். எச்.ஐ.வி. 1983 இல் பாரிஸின் பஸ்தேர் நிறுவனத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. இது டி கலங்களைப் பெருக்காமல் அழிக்கிறது. காவலர் குறையக் குறைய, உள்ளே உறங்கிக் கிடந்த மற்றவை எழும்பும். இளவயதுக்காரருக்கு அக்கி கடுமையாகவோ திரும்பத் திரும்பவோ வந்தால் மருத்துவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனையும் கேட்பது அதனால்தான். இரண்டு குடும்பமும் சந்திக்கும் இடம் இது. கபோசி என்ற தோல் புற்றை உண்டாக்கும் எட்டாவது ஹெர்ப்பீஸ் வைரசு 1994 இல் கண்டுபிடிக்கப்பட்டதும் எயிட்ஸ் நோயாளிகளிடம்தான்.

மருந்திலும் இரண்டும் சந்திக்கின்றன. பெரியம்மாவுக்குத் தந்த அசைக்ளோவிர், டி.என்.ஏ. எழுத்து ஒன்றின் போலி. அடுத்த எழுத்தைப் பிடிக்கும் கொக்கி அதில் இல்லை. வைரசு அதை உண்மை எழுத்தென்று எடுத்துக் கோக்கும். வரி அங்கேயே நின்றுவிடும். இதைவிட அழகு என்னவென்றால், அந்தப் போலி முதலில் வைரசின் சொந்த நொதியத்தால்தான் உயிர்பெறும். ஆகவே வைரசு இல்லாத கலத்தில் அது சும்மா கிடக்கும். இந்த மருந்துக்குப் பின்னால் நின்ற கெர்ட்ரூட் எலியனுக்கு 1988 இல் நோபல் பரிசு கிடைத்தது. எச்.ஐ.வி.க்கு முதலில் வந்த ஏ.இசட்.ரி. மருந்தும் கொக்கியில்லாத எழுத்துத்தான். 1987 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒற்றை மருந்தை வைரசு விரைவில் ஏமாற்றிவிடும் என்று கண்டு, 1996 அளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போது ஏட்டைக் கட்டுக்குள் கோக்கும் கையையே பிடித்துவைக்கும் டொலுடெக்ராவிர் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. செருகிய ஏட்டை உருவி எடுக்கும் மருந்து மட்டும் இன்னும் இல்லை. ஆனால் தினமும் குளிசை போட்டு, இரத்தத்தில் வைரசு அளவிட முடியாதபடி குறைந்தவரிடம் இருந்து உறவால் மற்றவருக்குத் தொற்றாது. கர்ப்பிணிகளைப் பரிசோதித்து மருந்து கொடுத்தே, தாயிடம் இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றை 2019 இல் இலங்கை பெற்றது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு கணக்கும் உண்டு: 72 மணித்தியாலம். அக்கிக் கொப்புளம் கண்டு அதற்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அதற்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் போட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் கரைவது அந்த மணித்தியாலங்கள்தான்.

பெரியம்மா 800 மில்லிகிராம் குளிசையை நாளைக்கு ஐந்து தரம், ஏழு நாள் போட்டார். கொப்புளம் காய்ந்தது, விலாவில் குத்து இன்னும் இரண்டு மாதம் நின்றது, அதுவும் இந்த நோயில் வருவதுதான். மறுபடி கிளினிக் போகும் நாள் கொப்பியை என்னிடம் நீட்டினார். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மேலே நீலப் பேனையால், கொஞ்சம் நடுங்கிய பெரிய எழுத்தில், அவரே எழுதியிருந்தார்: அக்கி.