பீராகி: லாத்வியாவின் பிறை ரொட்டியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லாத்விய மொழியில் ஒன்று என்றால் பீராக்ஸ், பல என்றால் பீராகி. சின்னதாகச் செய்ததைச் செல்லமாகப் பீராட்ஸிஞி என்பார்கள், கடைகளிலும் இந்தப் பெயர் புழங்குகிறது. சொல்லின் முதல் அசையை அழுத்தி, இரண்டு நெடில்களையும் நெடிலாகவே சொல்ல வேண்டும், அதனால் "பிரகி" என்று குறுக்கி எழுதுவது தவறு.

பொருள் என்னவென்றால், ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த கோதுமை மாவுக்குள் பூரணம் வைத்து மூடி, பிறை போல லேசாக வளைத்து, மேலே முட்டை தடவி, ஓவனில் பொன்னிறமாகச் சுட்டெடுக்கும் பண்டம். பூரணத்தில்தான் உயிர் இருக்கிறது: புகையூட்டிய கொழுப்புள்ள பன்றி இறைச்சியையும் வெங்காயத்தையும் மிகப் பொடியாக நறுக்கி, மிளகுத்தூள் சேர்த்து வைப்பார்கள், சூட்டில் அந்தக் கொழுப்பு உருகி மாவின் உள்பக்கத்தில் ஊறிவிடும். இறைச்சி வைத்தது என்று குறிப்பாகச் சொல்ல ஸ்பெக்ய பீராகி என்பார்கள், அதில் முன்னால் வரும் சொல் ஜெர்மன் வழி வந்தது. கிறிஸ்துமஸுக்கும், ஜூன் 23, 24 தேதிகளில் வரும் யாஞி என்ற நடுக்கோடைத் திருநாளுக்கும் இதைத் தட்டுத் தட்டாகச் சுடுவார்கள். யாஞி இரவில் சீரகம் போன்ற கேரவே விதை போட்ட பாலாடைக்கட்டி, பீர், கூடவே இதுவும் இருக்கும்.

பீராக்ஸ் என்பது ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்த சொல். ரஷ்ய மொழியின் பிரோக் இதற்கு உறவு, அதன் வேர் விருந்தைக் குறிக்கும் 'பிர்' என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். லித்துவேனியாவில் பீராகஸ் என்றால் கேக் மாதிரியான பண்டம், போலந்தின் பியெரோகியோ தண்ணீரில் வேகவைப்பது, ஆகவே பெயர் ஒத்திருக்கிறதே என்று ஒன்றின் விளக்கத்தை இன்னொன்றுக்குப் போட்டுவிடக் கூடாது. லாத்வியருக்கு ரௌசிஸ் என்ற சொந்தச் சொல்லும் உண்டு. கோதுமைக்கு உறவுத் தானியமான ரை மாவில் கிண்ணம்போல் செய்து உருளைக்கிழங்கும் கேரட்டும் நிரப்பும் ஸ்க்லண்ட்ரௌசிஸில் அது வாழ்கிறது, 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை மரபுச் சிறப்புப் பண்டமாகப் பதிவுசெய்தது.

சரி, தமிழில்? உருவத்தைப் பார்த்துச் சோமாசி என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது எண்ணெயில் பொரிப்பது, இனிப்பு, மொறுமொறுப்பு. இதுவோ பன் போல மெத்தென்று இருக்கும். கொழுக்கட்டை ஆவியில் வேகும், அதுவும் பொருந்தாது. என்னைக் கேட்டால், பெயரைப் பீராகி என்றே வைத்துக்கொண்டு, முதல் முறை எழுதும்போது 'பூரணம் வைத்துச் சுட்ட பிறை ரொட்டி' என்று விளக்கம் சேர்ப்பதே சரி. ஒருமைக்கும் பன்மைக்கும் தமிழில் பீராகி போதும், "பீராகிகள்" என்று பன்மைக்கு மேல் பன்மை வேண்டாம். அப்புறம், முட்டைக்கோஸ் வைத்ததும் உண்டு என்றாலும் வெறுமனே பீராகி என்றால் இறைச்சி வைத்தது என்றே அங்கே எடுத்துக்கொள்வார்கள், அதனால் உணவுப் பட்டியலை மொழிபெயர்க்கும்போது பன்றி இறைச்சி என்பதைக் கட்டாயம் எழுதிவிடுங்கள்.