வராத பாடகருக்கு வண்ணாரப்பேட்டையில் டிக்கெட் விற்குமா?

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் போகும் மெட்ரோவில் ஜன்னல் பக்கம் நின்றால், சுரங்கப்பாதை இருட்டில் உங்கள் முகம் கண்ணாடிக்கு வெளியே மிதந்தபடி கூடவே வரும். ரயில் மேலே ஏறி டோல்கேட் பக்கம் வெயிலுக்கு வந்ததும் அந்த முகம் காணாமல் போய்விடும். கண்ணாடி இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, மீதியில் பெரும்பகுதியைத் தன் வழியே போக விட்டுவிடுகிறது. வெளியே இருட்டாக இருக்கும்வரை அந்த 8 சதவீதம் தாராளம். வெயிலுக்கு முன்னால் அது எடுபடாது.

இறந்துபோன பாடகர்கள் மேடையில் எழுந்து வந்து பாடுவதாக விளம்பரம் செய்யப்படும் ஹோலோகிராம் கச்சேரிகளில் பெரும்பாலானவை இந்த ஜன்னல் வித்தைதான். இயற்பியலாளர் டென்னிஸ் காபர் 1947-இல் கண்டுபிடித்து, 1971-இல் நோபல் பரிசு வாங்கிய ஹோலோகிராம் வேறு விஷயம். ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலக்கும் கோலத்தையே பதிவுசெய்யும் முறை அது. ஏடிஎம் கார்டில் மினுக்கும் ஸ்டிக்கர் அந்த வகையைச் சேர்ந்தது. ஆள் உயரத்துக்கு ஆடிப்பாடும் உருவத்தை அந்த முறையில் காற்றில் நிறுத்தி ஓர் அரங்கம் முழுக்கக் காட்ட இன்னும் முடியவில்லை.

மேடை வித்தைக்கு வயது 160-க்கும் மேல். 1862 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் ஒரு நாடகத்துக்காக இதைச் செய்துகாட்டினார். மூல யோசனை ஹென்றி டர்க்ஸ் என்பவருடையது. பெயர் என்னவோ பெப்பருக்குப் போய்விட்டது. மேடைக்கு முன்னால் பள்ளத்தில் ஒரு நடிகரை மறைத்து, அவர்மேல் பலமான வெளிச்சம் அடிப்பார்கள். மேடையில் சாய்வாக நிற்கும் பெரிய கண்ணாடி அவரைப் பிரதிபலிக்கும். பார்ப்பவர்களுக்குக் கண்ணாடி தெரியாது, பேய் மட்டும் தெரியும்.

இப்போது கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். சுருக்கமே இல்லாமல் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, 45 பாகை சாய்த்திருப்பார்கள். மேல் விளிம்பு நம் பக்கமாகச் சாய்ந்திருக்கும், கீழ் விளிம்பு மேடையின் உள்ளே தள்ளி இருக்கும். தாளுக்கு அடியில், தரையில் ஒரு திரை. மேலே தொங்கும் புரொஜெக்டர் அந்தத் திரையில் பாடகரைப் படுக்கவைக்கிறது. தாளில் பட்டுத் திரும்பும் ஒளி நம் கண்ணுக்கு வரும்போது, படுத்திருப்பவர் எழுந்து நிற்கிறார். தரையில் ஆறடிப் படம், மேடையில் ஆறடி ஆள். சாதாரணத் தாள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பும். அதனால் புரொஜெக்டர் மிகப் பலமானதாகவும், பின்னால் மேடை கும்மிருட்டாகவும் இருக்க வேண்டும். கறுப்பு நிறம் என்பது அங்கே ஒளியே இல்லை என்று அர்த்தம். ஆகவே வெள்ளை வேட்டி சட்டையில் வரும் பாடகர் ஜொலிப்பார். கறுப்புச் சட்டை போட்டால் தலையும் கையும் தனித்தனியாக மிதக்கும்!

2012-இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் ராப் பாடகர் டூபாக் ஷகூர் இப்படித்தான் வந்தார். அவர் 1996-இல் கொல்லப்பட்டவர். கோச்செல்லா விழாவே 1999-இல்தான் தொடங்கியது. ஆனாலும் மேடையேறியதும் விழாவின் பெயரைச் சொல்லிக் கூட்டத்தைக் கூப்பிட்டார். அது பழைய வீடியோ இல்லை, கணினியில் புதிதாகச் செய்த உருவம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, இதை ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு நம்ம தெருவில் வைத்தால் என்ன ஆகும்? சீரியல் செட், டியூப் லைட், தெருவிளக்கு எல்லாம் சேர்ந்து பாடகரை வெளுத்துவிடும். காசிமேட்டுக் கடற்காற்றில் தாள் படபடத்தால் அவர் உடம்பு நெளியும். மொட்டை மாடியில் நின்று பார்ப்பவர்களுக்குத் தரையில் படுத்திருக்கும் படமே நேராகத் தெரிந்துவிடும்.

விளக்கை அணைத்து, படுதா கட்டி இதையெல்லாம் ஒருவாறு சமாளிக்கலாம். இன்னொன்றைச் சமாளிக்க முடியாது. தெருக் கச்சேரியில் டிக்கெட் கிடையாது, ஆனால் காசு நிறையவே புழங்கும். ஏரியாவில் வசூல் பண்ணித்தான் மேடையே போடுகிறார்கள். அப்புறம் பாட்டு பிடித்துப்போனால் ஒருவர் மேலே ஏறி, பாடுகிறவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார். மைக்கில் அவர் பெயரைச் சொல்வார்கள். சீட்டில் பாட்டை எழுதிக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டு வரும். கானாவில் இது இன்னும் அதிகம். சாவு வீட்டில் ராத்திரி பாடுகிறவர், போனவருடைய பெயரையும் தொழிலையும் பிள்ளைகளையும் அங்கேயே வரியில் கோத்துவிடுவார். தாளில் தெரியும் உருவம் சீட்டு வாங்காது. கூட வாசிப்பவர்களும் தாளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், காதில் ஓடும் தாளக் கணக்கை விட்டு ஓர் அட்சரம்கூட விலக முடியாது. படம் யாருக்காகவும் காத்திருக்காது. உணரிகள் பதித்த உடையில் ஒரு பாடகரை மேடைக்குப் பின்னால் நிறுத்தி, அவர் அசைவை அப்போதைக்கப்போதே உருவத்துக்குக் கொடுக்கலாம். அவ்வளவு தூரம் வந்தவர் முன்னாலேயே வந்து பாடிவிட்டுப் போகட்டுமே!

இருந்தும் உலகத்தில் இதற்குக் காசு கொடுக்கிறார்கள், கொட்டியும் கொடுக்கிறார்கள். லண்டனில் 2022 மே மாதம் தொடங்கிய ‘அப்பா’ (ABBA) என்ற ஸ்வீடன் நாட்டுப் பாப் இசைக் குழுவின் நிகழ்ச்சிக்கு 10 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றிருக்கிறது. அங்கே சாய்ந்த தாள் இல்லை, பிரம்மாண்டமான எல்இடி திரை. நால்வரும் உயிரோடு இருப்பவர்கள்; உணரி உடை மாட்டி, 160 கேமராக்களுக்கு நடுவே ஐந்து வாரம் ஆடிக் கொடுத்தார்கள். திரைக்குப் பக்கத்தில் 10 பேர் கொண்ட குழு நேரடியாக வாசிக்கிறது. செலவு சுமார் 14 கோடி பவுண்டு. சுமார் 3,000 பேர் கொள்ளும் அரங்கத்தை இதற்காகவே கட்டி, அதே நிகழ்ச்சியை வாரத்துக்குப் பலமுறை நடத்துவதால்தான் அந்தப் பணத்தைத் திரும்ப எடுப்பதைப் பற்றி யோசிக்கவே முடிகிறது. ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனால் கட்டாது.

ஜப்பானின் ஹாட்சுனே மிகு இன்னும் வேடிக்கை. அப்படி ஒரு ஆளே கிடையாது. 2007-இல் வந்த ஒரு பாட்டு மென்பொருளின் முகம் அது. ரசிகர்கள் கையில் ஒளிக்குச்சியோடு காசு கொடுத்துப் போகிறார்கள். ஆனால் 2024 வட அமெரிக்கச் சுற்றில் வழக்கமான ஊடுருவித் தெரியும் திரைக்குப் பதில் எல்இடி திரையை வைத்தபோது அதே ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். பொய் உருவம் என்று தெரிந்தே வருகிறவர்களுக்கும், அந்த உருவம் மேடையில் நிற்பதுபோல் இருக்க வேண்டும். டிவி பார்ப்பதுபோல் இருந்தால் போச்சு.

வடசென்னையில் இதற்குக் கூட்டம் வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, முதல் முறை. ரொம்பப் பிடித்த சினிமாப் பாடகராக இருக்க வேண்டும், பக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ரா நேரடியாக வாசிக்க வேண்டும், விலை சினிமா டிக்கெட்டிலிருந்து ரொம்ப விலகக் கூடாது. இரண்டாவது முறை அதே ஆள் வருவாரா என்பது சந்தேகம்தான்; பாட்டு வரிசை மாறாது, நோட்டைக் குத்தவும் சட்டை இல்லை. துணிந்து யாராவது ஒரு பழைய தியேட்டரை வாடகைக்கு எடுத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. நாலு மீட்டர் உயரத் தாளைச் சாய்க்க நாலு மீட்டர் ஆழம் வேண்டும், சினிமாத் திரைக்குப் பின்னால் அவ்வளவு இடம் பெரும்பாலும் இருக்காது. முன்வரிசை நாற்காலிகளைக் கழற்றி மேடையை முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். மேலே பால்கனியில் உட்காருபவருக்கோ மொட்டை மாடிக்காரர் கதைதான். கீழே நடு வரிசைகளை வைத்துத்தான் டிக்கெட் கணக்கே போட முடியும்.