ரேகை தேய்ந்தவர்களும் செல்போனில் உயிர்வாழ் சான்று தரலாம்

பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கொரு முறை சான்று தர வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அது நவம்பர் மாதம். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். இதற்காக வங்கிக்குப் போய் வரிசையில் நின்ற காலத்தை மாற்ற 2014 நவம்பரில் வந்ததுதான் ஜீவன் பிரமாண். ஆதாரை வைத்து கணினி வழியே தரும் சான்று இது.

ஆரம்பத்தில் கைரேகையோ கருவிழியோ வைக்க வேண்டியிருந்தது. பீடி சுற்றியவர், மில்லில் நூல் பிடித்தவர் என ஆயுள் முழுக்கக் கையால் உழைத்தவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். மெஷின் ஏற்காமல் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2021 நவம்பரில் முகத்தைப் பார்த்தே சரிபார்க்கும் முறை வந்தது இவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு ஆண்ட்ராய்டு போன் போதும். பிளே ஸ்டோரில் ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் இரண்டு செயலிகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். போன் பென்ஷன்காரருடையதாக இருக்க வேண்டியதில்லை. பேத்தியோ பக்கத்து வீட்டுப் பையனோ முதலில் 'ஆபரேட்டர்' என்று தன் ஆதாரையும் முகத்தையும் பதிவு செய்தால், அதே போனில் எத்தனை பேருக்கும் செய்து தரலாம். அப்புறம் பெரியவரின் ஆதார் எண், பிபிஓ எண் (பென்ஷன் ஆணையில் இருக்கும் எண்), பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு எண் மூன்றையும் கொடுங்கள். வெளிச்சமான இடத்தில் உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லுங்கள். பிரமாண் ஐடி என்ற சான்று எண் குறுஞ்செய்தியாக வரும்.

அந்த எண் வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம். பிபிஓ எண்ணோ கணக்கு எண்ணோ ஒரு இலக்கம் மாறினாலும் வங்கி அதை நிராகரிக்கலாம். சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் 'ஏற்கப்பட்டது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக எடுக்க வேண்டும், பழைய ஐடி செல்லாது.

பி.எஃப். பென்ஷன் வாங்குவோருக்கு நவம்பர் கணக்கு கிடையாது. எந்த மாதமும் தரலாம், தந்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷனே மாதம் 1,000 ரூபாய்தான். வங்கிக்குப் போய்வரும் பஸ் செலவு மிஞ்சினாலும் அவர்களுக்கு அது பெரிது. தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு இந்தச் சான்று தரும் 'நேர்காணல்' மாதம் தனி, கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டில் ஸ்மார்ட்போனே இல்லை என்றால்? தபால்காரரிடம் சொல்லலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக 70 ரூபாய்க்கு வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார்கள். பொதுச் சேவை மையங்களிலும் எடுக்கலாம்.

முகமும் பதியவில்லையா? பழையபடி வங்கிக்கு நேரில் போய்த் தாளில் கையெழுத்திட்டுத் தரும் முறை இன்றும் உண்டு. "ஆன்லைனில்தான் தர வேண்டும்" என்று யாராவது திருப்பி அனுப்பினால் தயங்காமல் மேலாளரைப் பாருங்கள். மறுமணம் செய்தவர்களும் மறுபடி வேலையில் சேர்ந்தவர்களும் தாளில்தான் தர வேண்டும்.

தவறவிட்டதால் பென்ஷன் நின்றுபோனாலும் கலங்க வேண்டாம். சான்று தந்ததும் நிலுவையோடு சேர்த்து வரும். ஒன்று மட்டும் கவனம்: "உங்கள் உயிர்வாழ் சான்றைப் புதுப்பிக்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று யார் போன் செய்தாலும் உடனே வைத்துவிடுங்கள். எந்த வங்கியும் அப்படிக் கேட்காது.