மர மருத்துவர் அல்ல, மரம் பேணுநர்

‘ஆர்பரிஸ்ட்’ (arborist) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மர மருத்துவர்’ என்று எழுதும் வழக்கம் வேலூர் வரை வந்துவிட்டது. ‘வீட்டுக்கே வந்து மரங்களுக்குச் சிகிச்சை’ என்று சத்துவாச்சாரி மதில்களில் ஒட்டுகிறார்கள். மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் இதே சொல்தான். கேட்க இனிமையாக இருப்பதைத் தவிர இதற்கு வேறு தகுதி இல்லை.

லத்தீனில் ‘ஆர்போர்’ என்றால் மரம். அதோடு தொழிலைக் காட்டும் விகுதி ஒன்று சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காட்டை நிர்வகிப்பவர் வனவியலாளர். மர வகைகளை ஆராய்பவர் மரவியலாளர். வீட்டு முற்றத்திலும் தெருவோரத்திலும் நிற்கும் மரங்களைக் கவாத்து செய்து, அதாவது வேண்டாத கிளைகளை அளவாக வெட்டி, பட்ட கிளையை இறக்கி, காற்றுக்கு நிற்குமா விழுமா என்று பார்த்துச் சொல்பவர் ஆர்பரிஸ்ட். இதில் மருத்துவம் எங்கே வந்தது?

அமெரிக்காவிலிருந்து வந்தது. ஓஹையோவில் மரத்தொழில் நடத்திய ஜான் டேவி 1901-இல் வெளியிட்ட நூலுக்கே ‘மர மருத்துவர்’ என்றுதான் பெயர். அந்தக் காலத்தில் பொந்தைச் சுரண்டி, சொத்தைப் பல்லை அடைப்பதுபோல் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். பிறகு அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து உள்ளே பார்த்தார். 1977-இல் அவர் வெளியிட்ட விளக்கம் அந்த உருவகத்தையே உடைத்துவிட்டது. மரத்தின் காயம் ஆறுவதில்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர் எழுப்பி, அழுகலை உள்ளேயே அடைத்துவிட்டு, அதன்மேல் புதிதாக வளர்கிறது. காயம் உள்ளே அப்படியே இருக்கும்.

மருத்துவர் என்று சொல்லிவிட்டால் மருந்தும் வேண்டுமல்லவா? அதனால்தான் வேப்பங்கிளையை வெட்டிய கையோடு தாரும் பெயின்ட்டும் பூசுகிறார்கள். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தைப் பிடித்துவைக்கவும் கூடும். எங்கே வெட்டுகிறோம் என்பதே முக்கியம். கிளை தண்டோடு சேருமிடத்தில் சுருங்கிய பட்டையோடு மோதிரம்போல் ஒரு புடைப்பு தெரியும். அதைக் கிளைக்கழுத்து என்று சொல்லலாம். தடுப்பு எழுவது அங்கேதான். கழுத்தைத் தொடாமல் அதன் வெளிவிளிம்பில் அறுக்க வேண்டும். பெரிய கிளையென்றால் ஒரு முழம் தள்ளி முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கி, மிஞ்சிய அடித்துண்டைக் கடைசியில் எடுக்க வேண்டும். அடி அறுப்பு இல்லாவிட்டால் கிளை சாயும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். இது கைத்திறன், சிகிச்சை அல்ல.

‘நம்மிடமே விருட்சாயுர்வேதம் என்ற பழைய மர மருத்துவம் இருந்ததே’ என்பார்கள். இருந்தது. பூச்சிக்கும் நோய்க்கும் மருந்து தருபவரை மர மருத்துவர் என்று அழையுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆர்பரிஸ்டின் தொழிலுக்கு அடிப்படை, எவ்வளவு வெட்டலாம் என்ற அளவறிதல். ‘மரம்சா மருந்தும் கொள்ளார் மாந்தர்’ என்கிறது நற்றிணை: மரம் சாகும்படி அதிலிருந்து மருந்தைக்கூட எடுக்கமாட்டார்கள். உயிருள்ள தழையில் ஓராண்டில் கால் பங்குக்கு மேல் கழிக்காதீர்கள் என்று இன்று சொல்லப்படும் விதியும் அதே அக்கறையில் பிறந்ததுதான்.

நம் ஊரிலோ அக்கினி நட்சத்திரத்துக்கு முன்பே புங்கனையும் வேம்பையும் மொட்டையடித்துவிட்டு, அதற்குக் கவாத்து என்று பெயர் வைக்கிறார்கள். முருங்கை இடுப்பளவு வெட்டினாலும் தழைக்கும் என்பதற்காக எல்லா மரமும் முருங்கையாகிவிடுமா? மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகளுக்குப் பிடிப்பு கிடையாது. பெருத்தபின் காற்றில் முறிந்து விழும். இன்னொரு பக்கம், தனித்தமிழ் அன்பர்கள் கவாத்தை விரட்டிவிட்டுக் ‘கத்தரித்தல்’ என்கிறார்கள். கத்தரிப்பது வேலிச்செடியை. ரம்பம் ஏறும் கிளைக்குத் தோட்டக்காரர்கள் சொல்வது கவாத்து. அதை மாற்ற வேண்டியதில்லை, சரியான வேலைக்கு மட்டும் சொன்னால் போதும்.

‘மரம் வெட்டுபவர்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி என்ன சொல்வது! மரத்தை நிற்கவைப்பவருக்கு அதை வீழ்த்துபவரின் பெயரைச் சூட்டுகிறார்கள்.

நான் பரிந்துரைப்பது ‘மரம் பேணுநர்’. தொழிலுக்கு ‘மரம் பேணல்’. உடலைப் பேணுவது நோய் வந்தபின் தொடங்கும் வேலை அல்ல. நட்ட நாள் முதல் நடக்கும் கவனிப்புக்கு இந்தச் சொல் பொருந்துகிறது. ஆளுநர், இயக்குநர் என்று பழகிய நாவுக்குப் பேணுநர் கடினமில்லை. செய்தித்தாள்கள் ‘மரப் பராமரிப்பாளர்’ என்று எழுதினாலும் பொருள் கெடாது.