மணிக்கணக்கு வேண்டாம், கேள்விக்கணக்கு போதும்: குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனத்துக்கு

போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவரிடம் "நேற்று என்ன படித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பத்து மணி நேரம் படித்தேன்" என்பார். கேட்டது என்ன, வந்த பதில் என்ன! மனநல ஆலோசனைக்கு வரும் தேர்வர்களிடம் இந்தப் பதில் வாடிக்கை. ஆறு மாதம் இப்படிப் படித்தவர், ஏழாவது மாதம் புத்தகத்தைக் கண்டாலே எரிச்சலாகிறது என்கிறார். வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர். உண்மையில், நேரத்தை மட்டும் எண்ணுகிறவருக்கு எந்த நாளும் முடிந்த நாளாகத் தெரிவதில்லை. பத்து மணி நேரம் படித்தால் பதினொன்று படித்திருக்கலாமே என்று மனம் இடிக்கும். முடிவே தெரியாத வேலையில் யாருக்குப் பிடிப்பு வரும்?

இதைவிடப் பெரிய கோளாறு, படிக்கும் முறையில் இருக்கிறது. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, மஞ்சள் பேனாவால் கோடு போடுவதைத்தான் பலர் ரிவிஷன் என்கிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைச் சில மாணவர்கள் இருமுறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து இருமுறை வாசித்தவர்களுக்கு நினைவில் இருந்தது 81 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. வாசித்த சூட்டில் எல்லாம் தெரிவதுபோல இருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் ஏமாற்றுகிறது.

அதனால் பாடத்தை வாசித்த கையோடு கேள்வியாக மாற்றிவிடுங்கள். நோட்டின் பக்கத்தை நீளவாக்கில் மடித்து, இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. நீதிக்கட்சி ஆட்சியைப் படித்தால், "பணியாளர் தேர்வு வாரியம் அமைந்த ஆண்டு?" 1924. "பொதுப் பணியாளர் தேர்வாணையம் அமைந்த ஆண்டு?" 1929. (நீங்கள் எழுதப்போகும் தேர்வை நடத்தும் ஆணையத்தின் பூர்வீகம் அதுதான்.) ஒரு பாடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கேள்வி போதும். நாற்பது எழுதினால், புத்தகத்தையே நகலெடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எழுதிய கேள்விகளை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் விடையை மறைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். தவறியவை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். பலர் சறுக்குவது இங்கேதான், காரணம் எளிய கணக்கு. நாளுக்கு 30 புதிய கேள்வி எழுதினால், மூன்று வாரம் கழிந்தபின் தினமும் 120 பழைய கேள்விகள் வந்து நிற்கும். ஒன்றுக்கு 20 விநாடி என்றால் 40 நிமிடம். தவறியவற்றையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். ஆர்வக்கோளாறில் நாளுக்கு 100 எழுதினால் பழையது 400 ஆகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதற்கே போகும். நான்கு நாள் தாக்குப்பிடித்து ஐந்தாம் நாள் நோட்டை மூடிவிடுவீர்கள். 30-ஐத் தாண்டாதீர்கள். இவ்வளவும் முடிந்தால் அன்றைய ரிவிஷன் முடிந்தது. "முடிந்தது" என்று சொல்லிக்கொள்ள முடிவதில்தான் படிப்பின் சுகமே இருக்கிறது.

உட்காரும் அளவு 40 நிமிடம், எழுந்து நடக்க 10 நிமிடம். இப்படி ஆறு அல்லது ஏழு சுற்று ஒரு நாளைக்குத் தாராளம். அந்தப் பத்து நிமிடத்தில் போனை எடுக்காதீர்கள். ரீல்ஸ் பார்ப்பது கண்ணுக்கும் கவனத்துக்கும் ஓய்வு அல்ல; பத்து நிமிடம் அரை மணியாவதும் அதனால்தான். மொட்டை மாடி, தண்ணீர்க் குடம், துவைத்த துணியை மடிப்பது, எதுவானாலும் சரி. மாலை கடைசிச் சுற்றை ஒரு பாடத்தின் நடுவில் நிறுத்தி, "நாளை இந்தக் கேள்வியிலிருந்து" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். காலையில் எங்கே தொடங்குவது என்ற தயக்கத்திலேயே முதல் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிறவர்கள் ஏராளம்.

மதியம் சாப்பிட்டதும் தூக்கம் சொக்குவதற்குச் சோறு மட்டும் காரணமல்ல. உடலின் உள்கடிகாரமே ஒரு மணி முதல் மூன்று மணிவரை மந்தமாகும். அந்த நேரத்தில் வரலாற்றை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். இருபது நிமிடம் அலாரம் வைத்துத் தூங்குங்கள். ஒரு மணி நேரம் தூங்கினால் எழுந்தபின் தலை கனக்கும். அடுத்து திறனறிவுக் கணக்குகளை எடுங்கள், கை வேலை செய்தால் தூக்கம் கலையும். வட்டியும் விகிதமும் வேலை-நேரமும் கலந்து போடுங்கள். ஒரே வகையில் இருபது கணக்கு போட்டால், எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் பழக்கமே வராது; தேர்வில் அதைத்தான் கேட்பார்கள்.

காஃபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஏழு மணிக்குக் குடித்தால் நள்ளிரவில் பாதி உடம்பிலேயே இருக்கும். படித்தது நினைவில் படிவதற்குத் தூக்கம் வேண்டும். ஏழு மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள். நான்கு மணி நேரம் தூங்கி வென்ற கதைகள் டெலிகிராம் குரூப்களில் சுற்றும். அப்படித் தூங்கித் தோற்றவர்கள் அங்கே எழுதுவதில்லை.

வாரத்துக்கு ஒரு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) போதும். உண்மையான தேர்வு காலை 9.30-க்கு என்றால் இதையும் அதே நேரத்தில், ஓஎம்ஆர் தாளோடு எழுதுங்கள். 200 கேள்வி, 180 நிமிடம். வட்டங்களைக் கறுப்பாக்க 20 நிமிடம் ஒதுக்கினால், ஒரு கேள்விக்குக் கிடைப்பது 48 விநாடி. தெரியாத கேள்விக்கு 'E' வட்டத்தை நிரப்புவதும் இந்தக் கணக்குக்குள்தான். எழுதி முடித்ததும் மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்: தெரியவில்லையா, தெரிந்தும் மறந்ததா, "தவறான இணை எது" என்று கேட்டதைச் சரியான இணை என்று படித்ததா? மூன்றாவது வகைதான் மனத்தை அதிகம் சோர்வாக்குகிறது. ஆனால் எளிதில் சரியாவதும் அதுதான்: "தவறான", "பொருந்தாத" என்ற சொற்களைப் பேனாவால் வட்டமிடும் பழக்கம் வந்தால் போதும்.

மாக் டெஸ்ட் எழுதிய நாளின் மாலை விடுமுறை. குற்ற உணர்ச்சி வேண்டாம். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்த கணக்குகளை ஜான் பென்கேவல் என்ற பொருளியலாளர் 2014-இல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை செய்தவர்கள், 56 மணி நேரம் செய்தவர்களைவிடக் கூடுதலாக எதையும் பெரிதாக உற்பத்தி செய்யவில்லை. படிப்பும் உழைப்புதானே.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்து ஏங்க வேண்டாம். காலையில் புதிய பாடத்துக்கு ஒரு மணி நேரம், பஸ்ஸில் பழைய கேள்விகள், இரவு கணக்குக்கு ஒரு சுற்று. புதிய கேள்வியை 15 ஆகக் குறைத்துக்கொண்டால் இது நடக்கும்.

எதுவும் ஓடாத நாளும் வரும். அன்று பழைய கேள்வி பத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடலாம். அப்படிப்பட்ட நாள்கள் இரண்டு வாரமாகத் தொடர்ந்து, தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த விஷயமும் கசந்தால், அட்டவணையைத் திருத்திப் பயனில்லை. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.