புது டிஸ்க் பிரேக் ஏன் உடனே பிடிப்பதில்லை?

டிஸ்க் பிரேக் உள்ள புது சைக்கிளை முதல் நாள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதற்றம் தெரிந்திருக்கும். லீவர் கெட்டியாகத்தான் இருக்கிறது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேட் அதில் உரசும் சத்தமும் கேட்கிறது, ஆனால் வண்டி நிற்காமல் நழுவிக்கொண்டே போகிறது. ஏதோ கோளாறு என்று உடனே பேடைத் தாங்கியிருக்கும் காலிப்பரைக் கழற்ற உட்கார்ந்துவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு ஒன்றும் இருக்காது. பிரேக் பிடிக்க வேண்டிய பரப்பு இன்னும் உருவாகவில்லை, அவ்வளவுதான்.

டிஸ்க்கின் எஃகை பேட் தேய்ப்பதால் வண்டி நிற்கிறது என்பது பாதி உண்மை. பேடில் உள்ள பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி, டிஸ்க்கின் மேல் மிக மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு பேட் உரசுவது வெறும் எஃகோடு அல்ல, தன் பொருளோடு. இரண்டு பக்கத்துத் துகள்களும் ஒட்டுவதும் பிய்வதுமாக இருப்பதில்தான் நல்ல பிரேக்கின் அழுத்தமான பிடி இருக்கிறது. படலம் இல்லாதபோது பளபளப்பான எஃகு பேடை வழுக்கி அனுப்பிவிடுகிறது.

இதற்குத் தேவை சூடு. அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியுமாக 90 கிலோ, வேகம் மணிக்கு 30 கி.மீ. என்றால், நிறுத்தும்போது சூடாக மாற வேண்டிய ஆற்றல் சுமார் 3,100 ஜூல். அத்தனையும் 120 கிராம் எடையுள்ள ஒரே டிஸ்க்கில் இறங்கினால், ஒரே தடவையில் அது சுமார் 50 டிகிரி சூடேறும். காற்று கொஞ்சம் ஆற்றிவிடும், பின் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ளும் என்றாலும், அடுத்தடுத்துப் பிடித்தால் சூடு சேர்ந்துகொண்டே போகும். பிரேக்கைப் பழக்கும்போது நாம் செய்வது இதைத்தான், ஆனால் நிதானமாக.

ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் சொல்லும் முறை எளிமையானது. மிதமான வேகத்துக்குப் போய், நடக்கும் வேகம் வரும்வரை அழுத்திப் பிடித்து விட வேண்டும், இப்படி 20 தடவை. அப்புறம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி 10 தடவை. முன்னும் பின்னும் தனித்தனியாகச் செய்வது எனக்குப் பிடித்த வழி, எந்த பிரேக் தேறிவிட்டது என்று விரலிலேயே தெரியும்.

சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது, முழுவதுமாக நிற்கவும் கூடாது. இந்த விஷயத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சூடான பேட் ஒரே இடத்தில் டிஸ்க்கைக் கவ்வி நின்றால், அந்த இடத்தில் மட்டும் பொருள் திட்டாகப் படிந்துவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு வரும்போது லீவர் விரலில் துடிக்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் நினைப்பதுண்டு, ஆனால் படலம் சீராக இல்லாதபோதும் இதே துடிப்புதான் வரும்.

ஏழெட்டுத் தடவை ஆனதும் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். முதலில் கேட்ட வறட்டு உரசல் அடங்கும், பிடி ஆழமாகும். முடிந்ததும் டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி போல இருந்த எஃகில் பேட் ஓடிய வட்டம் மட்டும் மங்கிய சாம்பல் நிறத்தில் தெரியும். உடனே தொட்டுவிடாதீர்கள், விரல் சுட்டுவிடும். ஆறிய பிறகும் தொட வேண்டாம், விரலில் உள்ள எண்ணெய்ப் பசையே அந்தப் படலத்துக்கு எதிரி. செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே அதைவிட மோசம். நான் ஒருமுறை காற்றடித்த பக்கம் பார்க்காமல் அடித்து, நல்ல பேட் இரண்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீட்டுவிடலாம். எண்ணெய் குடித்த ரெசின் பேடை மீட்பது அரிது.

சரி, பேட் மாற்றும் நேரம் வந்தால் எதை வாங்குவது? ரெசின் பேடில் இழைகளையும் தூள்களையும் பிசின் பிணைத்து வைத்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிடிக்கும், சத்தம் குறைவு. ஆனால் மழையிலும் சேற்றிலும் சீக்கிரம் தேயும், நீண்ட இறக்கத்தில் அதிகம் சூடேறினால் மேல்பகுதி கண்ணாடி போல இறுகிப் பிடியை இழக்கும். மெட்டல் பேட் என்பது உலோகத் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்தது. ஈரத்திலும் சேற்றிலும் தாங்கும், நெடுநாள் உழைக்கும். பதிலுக்குச் சத்தம் கூடும், சூட்டையும் காலிப்பருக்குள் அதிகம் கடத்தும். சமதரையில் ஓட்டுபவருக்கு ரெசினே போதும் என்பேன். மலை இறக்கமும் மழையும் வாடிக்கை என்றால் மெட்டல்.

வாங்கும் முன் உங்கள் டிஸ்க்கைப் படித்துப் பாருங்கள். ரெசின் பேட் மட்டும் போடவும் என்று சில டிஸ்க்குகளில் பொறித்திருக்கும். அவற்றின் எஃகு மென்மையானது, மெட்டல் பேட் அதை அரித்துவிடும். பேடின் வடிவமும் காலிப்பருக்குக் காலிப்பர் வேறு, அதனால் பழைய பேடைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது நல்லது.

எப்போது மாற்றுவது? உரசும் பொருள் 0.5 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பது இன்னொரு பிரேக் நிறுவனமான ஷிமானோவின் அளவு. அவர்களுடைய டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. தடிமன், 1.5-க்கு வந்துவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். பழைய பேட் உள்ளே இருக்கும்போதே பிளாஸ்டிக் டயர் லீவரால், காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன்களை மெதுவாகப் பின்னே தள்ளிவிட்டு, அப்புறம் புது பேடை மாட்டுங்கள். சக்கரம் இல்லாதபோது பிரேக் லீவரை அழுத்தக் கூடாது, பிஸ்டன்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

ரெசினிலிருந்து மெட்டலுக்கோ மெட்டலிலிருந்து ரெசினுக்கோ மாறுகிறீர்கள் என்றால் இன்னொரு வேலை உண்டு. டிஸ்க்கில் இருப்பது பழைய பேடின் படலம். அதை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். பிறகு மறுபடியும் அதே 20 தடவை, அதே 10 தடவை.