புரொஃபைல் படம் எடுக்கும் முன்: நீங்கள் நீங்களாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்?

தொழிலுக்காகப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சார், என்ன டிரஸ் போட்டுட்டு வரணும்?" என்பதுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. படம் எங்கே வரப்போகிறது, அதைப் பார்த்துவிட்டு உங்களைத் தேடி வரப்போவது யார் என்பதெல்லாம் அதற்கு முன்னால் முடிவாக வேண்டும். படத்தில் பார்த்த முகம் ஒன்று, நேரில் வந்து உட்கார்ந்த முகம் இன்னொன்று என்றால், பேச்சைத் தொடங்கும் முன்பே வாடிக்கையாளர் மனதில் சின்னதாக ஒரு சந்தேகம் விழுந்துவிடும்.

லிங்க்ட்இன் புரொஃபைல் படம் வட்டமாக வெட்டப்படும். கைபேசியில் கட்டைவிரல் நகத்தின் அளவுதான் தெரியும். அதற்கு மார்புக்கு மேல் எடுத்த நெருக்கமான படம் வேண்டும். அதே பக்கத்தின் மேலே விரியும் அகலப் படமான பேனர் 1584×396 பிக்சல், உயரத்தைப் போல 4 மடங்கு அகலம். நெட்டுக்குத்தாக எடுத்த படத்தை அதில் நுழைத்தால் தலையோ தாடையோ வெட்டுப்படும். புரொஃபைல் வட்டம் பேனரின் இடது கீழ் மூலையை மறைப்பதால், பேனருக்கான படத்தில் நீங்கள் வலப்பக்கம் நின்று, இடப்பக்கத்தைக் காலியாக விட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், எடுத்த எல்லாப் படங்களிலும் நீங்கள் நட்டநடுவில்தான் நிற்பீர்கள்.

அடுத்து, இடம். ஸ்டூடியோவின் சாம்பல் திரை யாருக்கும் பொருந்தும். அதனாலேயே யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. ஆரி ஒர்க் சொல்லித்தரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினி முன் கன்னத்தில் கைவைத்து அவர் போஸ் கொடுப்பதில் அர்த்தமில்லை. துணி இழுத்துக் கட்டிய ஃபிரேமை ஜன்னலிலிருந்து 3, 4 அடி தள்ளிப் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி அவரை உட்கார வையுங்கள். பக்க வெளிச்சத்தில்தான் நூலின் மேடுபள்ளம் தெரியும். மறுபக்கக் கன்னம் ரொம்ப இருண்டால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் போதும். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் அதுவும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் இயல்பாகவும் மறுபக்கம் பச்சையோடியும் வரும். அணைக்க வழியில்லை என்றால் ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். ஷட்டர் வேகம் கூடினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம்.

கைகளை மட்டும் தனியாக நாலைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி பிடித்த விரல், நூல் கறை, மணி டப்பா: இணையதளத்தில் முகத்தைவிட இவைதான் அதிகம் உதவும். ஆனால் பின்னணியைக் கவனியுங்கள். ஆடிட்டர் மேசையில் திறந்து கிடக்கும் வாடிக்கையாளர் கோப்பும், கிளினிக்கில் காத்திருக்கும் நோயாளியின் முகமும் படத்தில் வரவே கூடாது. வழக்கறிஞர்கள் கழுத்துப் பட்டையும் கவுனும் அணிந்து கடற்கரையில் நின்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீதிமன்றத்துக்கு வெளியே, சடங்கு நிகழ்ச்சிகள் தவிர, பொது இடத்தில் அவற்றை அணிவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

உடைக்கு இப்போது வரலாம். வாரத்தில் நாலு நாள் எதைப் போட்டு வேலைக்குப் போகிறீர்களோ அதில் நல்லதாக ஒன்று. கோட் போடாதவர் வாடகைக் கோட்டில் நின்றால் தோள்பட்டையே காட்டிக்கொடுத்துவிடும். பொடிக் கட்டம், நெருக்கமான கோடு போட்ட சட்டைகளைத் தவிருங்கள். கேமரா சென்சாரில் அவை வானவில் நெளிவுகளாக மாறும். பட்டுப் புடவையின் அகலச் சரிகைக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் அது வெள்ளைத் திட்டாகிவிடும். விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். புதுச் சட்டையை ஒருமுறை துவைத்துப் போட்டால் காலர் விறைக்காது. முடி வெட்டுவது ஒரு வாரத்துக்கு முன், திரெடிங் 2, 3 நாளுக்கு முன். துத்தநாகம் கலந்த சன்ஸ்கிரீனை அன்று பூச வேண்டாம், ஃபிளாஷில் முகம் சாம்பல் பூத்தது போலத் தெரியும். வியர்வைக்கு மேல் பவுடர் போடாமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். எப்போதும் கண்ணாடி அணிபவர் கழற்றக் கூடாது. அதன் காதுப் பிடியைச் சற்றே உயர்த்தினால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து, மினுக்கம் போய்விடும்.

மாநிறமும் கறுப்பும் நம் ஊரின் நிறங்கள். ஆனால் 'கலர் ஏத்துற' பழக்கம் பல ஸ்டூடியோக்களை இன்னும் விடவில்லை. வெள்ளைச் சுவருக்கு முன் கேமராவை ஆட்டோவில் விட்டால் அது சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுபோகும். பிறகு கணினியில் வெளிச்சத்தை ஏற்றும்போது தோல் சாம்பலாகிறது. முகத்தில் விழும் வெளிச்சத்தை அளந்து எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரீடச்சில், அதாவது கணினியில் படத்தைத் திருத்தும்போது, அன்றைக்கு வந்த பருவை எடுக்கலாம். நிரந்தரமான மச்சத்தையும் சுருக்கத்தையும் தொட வேண்டாம்.

கைபேசியில் எடுப்பவர்கள் பியூட்டி மோடை அணைத்துவிட்டு, 5, 6 அடி தள்ளி நின்று, 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள். கைநீள தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது சிறுக்கும். கேமரா என்றால் 85 மி.மீ. லென்ஸ், அதன் திறப்பு எஃப் 4 போதும். இன்னும் அகலத் திறப்பான எஃப் 1.4-இல் ஒரு கண் தெளிவாக இருக்க, மற்றது மங்கலாம்.

"சிரிங்க" என்று சொன்னதும் வரும் சிரிப்பு எல்லார் முகத்திலும் ஒரே அச்சு. அதற்குப் பதில் உங்கள் வேலையில் ஒரு நுணுக்கத்தை எதிரில் இருப்பவருக்கு விளக்குங்கள். பேசும்போது வாய் கோணும். வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் அரை நொடியில்தான் கிளிக் செய்ய வேண்டும். முதல் 15 நிமிடப் படங்கள் பெரும்பாலும் விறைப்பாகத்தான் வரும். அதனால் படம் எடுக்க ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக நேரம் பேசி முடிக்காதீர்கள்.

எத்தனை படம், எத்தனை ரீடச், எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதைப் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவரே போட்டோவின் முதல் உரிமையாளர். ஸ்டூடியோ நீட்டும் தாளில் அதற்கு மாறாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்கினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாகவோ டிரைவ் லிங்க்காகவோ கேளுங்கள்.